பதினான்காம் எண்காரி

இரவு ஒன்பது மணிக்கு ஆட்டம் ஓடும். உண்மையில் அங்கே யாரும் ஓடுவதில்லை. எங்கோ ஒரு சர்வரில் இரண்டு அணிகளின் எண்களை எடுத்து, தாயக்கட்டை உருட்டுவதுபோல் ஆயிரம் தடவை உருட்டி, நாற்பது நிமிடக் கூடைப்பந்தைச் சில நொடிகளில் முடித்துவிடும் நிரல் அது. யார் வென்றது, யாருக்கு எத்தனை புள்ளி, யாருக்குக் காயம் என்று எல்லாம் வரிவரியாக வந்து நிற்கும். படமும் கிடையாது, சத்தமும் கிடையாது. மகளைத் தூங்கவைத்துவிட்டு, பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு, பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கிற மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் அது எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். கணவருக்கு எச்1பி விசா, எனக்கு எச்4. அவருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டும்வரை நான் சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. சமைக்கலாம், பிள்ளை வளர்க்கலாம், பனி அள்ளலாம். அதற்கெல்லாம் யாரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. கோவையில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் மென்பொருள் சோதனை செய்தவள் நான். என் பயோடேட்டாவில் ‘பணி அனுபவம்’ என்ற பகுதி 2021இல் முடிந்து, அதற்குக் கீழே வெறும் வெள்ளையாக இருந்தது.

இந்த விளையாட்டில் எனக்கு ஒரு பதவி இருந்தது. ஒரு கற்பனைக் கல்லூரியின் பயிற்சியாளர். பள்ளி முடிக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அணியில் சேர்க்க வேண்டும். பயிற்சி நேரத்தைப் பங்கிட வேண்டும். யார் எத்தனை நிமிடம் ஆடுவது, பந்து யார் கைக்கு எவ்வளவு போவது என்று சதவீதம் போட வேண்டும். ஒரு பிள்ளைக்கு நான்கு சீசன்தான், பிறகு பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடும். முதலில் ஆண்கள் விளையாட்டாகத்தான் அதை உருவாக்கியிருந்தார்கள். எங்கள் லீக்கில் ‘பெண்கள்’ என்ற பொத்தானை அழுத்தி ஆடினோம். அந்தப் பொத்தான் பெயர்களை மட்டும் மாற்றியது. பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து 2015-16 சீசனிலேயே பத்து பத்து நிமிடமாக நான்கு கால்பகுதிக்கு மாறிவிட்டது. எங்கள் நிரலில் இன்னும் ஆண்களுக்குப் போல இருபது நிமிடப் பாதி இரண்டுதான். வர்ணனை வரிகளிலும் ‘ஹி’ தான். ‘ஹி மேக்ஸ் த ஷாட்.’ ஒரு வாரம் அது உறுத்தியது. அப்புறம் பழகிவிட்டது. பழகியது நல்லதற்கில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பதினான்காம் எண் சட்டைக்காரி ஒருத்தி என்னிடம் வந்து சேர்ந்தாள். கணினி வைத்த பெயர் ஒன்று இருந்தாலும் எனக்கு அவள் எண்ணாகவே இருந்துவிட்டாள். எந்தப் பெரிய கல்லூரியும் சீண்டாத பிள்ளை. முதல் வருடம் சுமார்தான். மூன்றாவது வருடம் முடிந்தபோது அவள் கணக்கில் 2,204 புள்ளிகள் சேர்ந்திருந்தன. எங்கள் லீக்கின் மொத்தப் புள்ளிச் சாதனை 2,988. மிச்சம் 785 எடுத்தால் புத்தகத்தில் முதல் பெயர் அவளுடையது. கடைசி சீசன் 2024 ஜனவரி 29 அன்று தொடங்கியது. நாளுக்கு ஓர் ஆட்டம் வீதம் 31 ஆட்டம்.

அதே நாட்களில் ஐயோவா முழுக்க வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மளிகைக் கடை வரிசையில், பிள்ளைகளின் பள்ளி வாசலில், பல் டாக்டரிடம் காத்திருக்கும் அறையில் எல்லாம் கேட்லின் கிளார்க் பேச்சு. ஐயோவா பல்கலைக்கழகத்தின் 22ஆம் எண். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் கெல்சி பிளம் வைத்திருந்த 3,527 புள்ளிச் சாதனையை அவர் எப்போது தாண்டுவார் என்பதுதான் ஊரின் ஒரே கேள்வி.

எதிர்வீட்டில் எழுபத்தைந்தைத் தொட்ட ஓர் அம்மா தனியாக இருந்தார். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார். எனக்கு வாய் வராது. மனதுக்குள் பாட்டி என்றே வைத்திருந்தேன். பிப்ரவரி 15 அன்று மிச்சிகனோடு ஆட்டம். மகளையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கிளார்க்குக்கு எட்டுப் புள்ளி தேவை. ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, மைதானத்தின் நடுவில் இருக்கும் சின்னத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு மூன்று புள்ளி எறிந்தார். உள்ளே போய்விட்டது. அன்று மொத்தம் 49. நான் எழுந்து நின்று கத்தியதில் மகள் பயந்து அழுதுவிட்டாள்.

பாட்டி கைதட்டினார். தொலைக்காட்சியில் ‘எக்காலத்துக்குமான சாதனை’ என்று சொன்னபோது மட்டும் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். லினெட் உட்வர்டை மறந்துவிட்டார்களா என்றார். யார் அது என்று கேட்டேன். கேட்டதற்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. உட்வர்ட் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக 1981 வரை ஆடி 3,649 புள்ளிகள் எடுத்தவர். அப்போது பெண்களுக்கு மூன்று புள்ளிக் கோடு இல்லை. ஆண்கள் ஆடும் பெரிய பந்துதான். ஆனால் அன்றைக்குக் கல்லூரிப் பெண்கள் விளையாட்டை நடத்தியது ஏஐஏடபிள்யூ என்ற பெண்கள் நடத்திய அமைப்பு. 1981-82இல் என்சிஏஏ பெண்கள் போட்டிகளைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது, ஏஐஏடபிள்யூ கொஞ்ச காலத்தில் மூடப்பட்டது. போட்டிகளை எடுத்துக்கொண்டவர்கள் ஏடுகளை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய புள்ளிகள் புத்தகத்தில் சேரவில்லை. தென் கரோலினாவின் சின்னக் கல்லூரி ஒன்றில் ஆடிய பேர்ல் மூரின் கணக்கு 4,061. கிளார்க் கடைசியில் 3,951இல் முடித்தார்.

இதைக் கிளார்க்கைக் குறைக்கச் சொல்லவில்லை. அவர் எறியும் தூரத்திலிருந்து எனக்குக் கூடையே மங்கலாகத்தான் தெரியும்.

வீட்டுக்கு வரும்போது எட்டே முக்கால். உடம்பெல்லாம் சூடாக இருந்தது. அன்று எங்கள் அணிக்கு லீக்கிலேயே மெலிந்த அணியோடு ஆட்டம். அமைப்புகளில் ஒரு கட்டம் உண்டு: ‘இருபது புள்ளிக்கு மேல் முன்னிலை என்றால் முக்கிய ஆட்டக்காரர்களை உட்காரவை.’ அதை எடுத்துவிட்டேன். பதினான்காம் எண்ணுக்கு நாற்பது நிமிடம் போட்டேன். பந்து அவள் கைக்குப் போகும் விகிதத்தை 38 ஆக்கினேன்.

ஒன்பது மணி. 34 புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. அவளுக்கு 41. அப்புறம்தான் கீழே அந்த வரியைப் பார்த்தேன். இரண்டாம் பாதி முடிய 3 நிமிடம் 12 நொடி இருக்கும்போது முழங்கால் காயம். ஆறு ஆட்டம் இல்லை.

ஜெயித்து முடித்த ஆட்டம் அது. அவள் அங்கே நிற்க வேண்டிய தேவையே இல்லை. நிறுத்தி வைத்தது நான்.

கல்லூரியில் நானும் ஆடியவள்தான், பாயின்ட் கார்ட். இந்திய அணிக்குச் சென்னையின் அனிதா பால்துரை ஆடிக்கொண்டிருந்த காலம். அவர் படத்தை நோட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்தேன். இறுதியாண்டில் பல்கலைக்கழகப் போட்டி ஒன்றில் முட்டி வீங்கியிருந்தது. எங்கள் மாஸ்டர் ஸ்ப்ரே அடித்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, “இன்னும் பத்து நிமிஷம்தாம்மா, தாங்கிக்கோ” என்றார். நாங்கள் பதினெட்டுப் புள்ளி முன்னால் இருந்தோம். கோப்பைக்கு வித்தியாசம் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான்காவது நிமிடம் திரும்பும்போது உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். கேட்டது எனக்கு மட்டும்தான். இந்த ஏசிஎல் தசைநார்க் காயம் ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்குப் பல மடங்கு அதிகம் வருவது என்று பின்னாளில் படித்தேன். அம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. “முட்டி போன பொண்ணுன்னு வெளியே சொல்லிடாதடி” என்பது மட்டும்தான் அவள் கவலை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நொண்டாமல் நடக்கப் பயிற்சி எடுத்தேன். நான் கடைசியாக எடுத்துக்கொண்ட பயிற்சி அது.

இதைக் கணவரிடம் சொன்னபோது, “கம்ப்யூட்டர் பொண்ணுக்கா இவ்வளவு வருத்தம்?” என்றார். ஐபிஎல் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்த மனிதர். நான் பதில் சொல்லவில்லை.

அவள் இல்லாத ஆறு நாளில் பாட்டியிடம் அடிக்கடி போனேன். அவர் தன் கதையை அப்போதுதான் சொன்னார். ஐயோவாவில் பள்ளிப் பெண்களுக்கு அந்தக் காலத்தில் ஆறு பேர் ஆட்டம். 1993 வரைக்கும் அது இருந்தது. மூன்று பேர் ஒரு பாதியில், மூன்று பேர் மறு பாதியில். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு தட்டுக்கு மேல் தட்டக் கூடாது. முழு மைதானமும் ஓடினால் பெண் உடம்பு தாங்காது என்ற பழைய எண்ணத்தில் பிறந்த விதிகள். ஆனாலும் ஊர் ஊராக அரங்கு நிரம்பியது. டெனிஸ் லாங் என்ற பெண் 1968இல் ஒரே ஆட்டத்தில் 111 புள்ளி எடுத்தார். அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அவரை ஆண்களின் என்பிஏ தேர்வில் எடுத்தது. தலைமை அதைச் செல்லாது என்றது.

“நீங்க எத்தனை புள்ளி எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“ஒன்றுகூட இல்லை. நான் கார்ட். எங்கள் பாதியில் எறிய எங்களுக்குக் கூடையே கிடையாது. எதிராளியின் கூடைதான். நான்கு வருடம், பூஜ்யம்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வெட்டித் தொகுத்து வைத்திருந்த செய்தித்தாள் துணுக்குகளைக் காட்டினார். ஜெயித்த ஆட்டங்களின் செய்திகள். அவர் பெயர் கடைசிப் பத்தியில், மூன்று கார்டுகளில் ஒருவராக, இரண்டு இடத்தில் மட்டும் இருந்தது. ஒன்றில் எழுத்துப் பிழை.

பதினான்காம் எண்காரி திரும்பி வந்தாள். 2,690இலிருந்து மீண்டும். கட்டத்தை மறுபடியும் டிக் செய்தேன், நிமிடத்தைக் குறைத்தேன். ஆனால் விகிதத்தைக் குறைக்க மனம் வரவில்லை. லீக் ஆட்டங்கள் முடிந்தபோது 2,881. தொடர்ந்து நாக்அவுட். மூன்று ஆட்டத்தில் 79. இறுதி ஆட்டம் மார்ச் 3, ஞாயிறு. சாதனைக்கு இன்னும் 29.

நாட்கள் இப்படிப் பொருந்தியது தற்செயல்தான். அன்று பகலில்தான் கிளார்க், என்சிஏஏ முதல் பிரிவில் ஆண்கள் பெண்கள் இருவரிலும் பெரிய எண்ணான பீட் மாராவிச்சின் 3,667ஐத் தாண்டினார், அதுவும் ஒரு ஃப்ரீ த்ரோவில். உட்வர்ட் அரங்கில் இருந்தார். கேமரா அவரைக் காட்டியபோது பாட்டி தொலைக்காட்சிக்குக் கைதட்டினார்.

இரவு ஒன்பது மணி. மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். பதினான்காம் எண் 31 தடவை எறிந்து 9 உள்ளே. மூன்று புள்ளி மூன்று, ஃப்ரீ த்ரோ எட்டு. மொத்தம் 29. 2,989. கடைசி ஃப்ரீ த்ரோ இரண்டும் ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு. ‘ஹி மேக்ஸ் த ஃப்ரீ த்ரோ.’ இருபத்திரண்டு எறிதல் வீண். அதில் ஐந்து மற்றவர்களுக்குப் போயிருந்தால் கோப்பை எங்களுடையது. அணியை விற்று எண்ணை வாங்கியிருந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, மறுக்க மாட்டேன். புத்தகத்தின் முதல் வரியை நாலு தடவை புதுப்பித்துப் பார்த்தேன்.

லீக்கில் எல்லோரும் வாழ்த்து அனுப்பினார்கள். ‘கங்கிராட்ஸ் ப்ரோ.’ ‘வாட் அ பிளேயர், மேன்.’ இரண்டு வருடமாக அவர்களோடு ஆடுகிறேன். யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொன்னால் எப்படிப் பேசுவார்களோ என்ற தயக்கம். அன்று இரவு ‘ப்ரோ இல்லை, நான் பெண்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு மடிக்கணினியை மூடினேன். காலையில் மூன்று பேர் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். ஒருவர் ‘நிஜமாகவா?’ என்று.

மறுநாள் ஆட்டக்குறிப்பை அச்செடுத்துப் பாட்டியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துபவர்போல் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். பதினான்காம் எண்ணில் விரல் நிற்கவில்லை. எதிரணிப் பட்டியலுக்குப் போனது.

“இவர்களில் யார் நல்ல ஆட்டக்காரி?”

காட்டினேன். ஆட்டத்துக்குச் சராசரி 21 எடுப்பவள். அன்று அவளுக்கு 9.

“இவளைக் காத்தது யார்?”

அச்செடுத்த தாளில் அதற்குக் கட்டமே இல்லை. நான் போட்ட அமைப்புகளை நினைவிலிருந்து தேடினேன். ஐந்தாம் எண். 39 நிமிடம், 4 புள்ளி. மூன்று வருடமாக என் அணியில் இருக்கிறாள். அவள் பக்கத்தை நான் திறந்து பார்த்து எத்தனையோ மாதமாகிறது.

“அடுத்த வருடமும் இருக்கிறாளா?”

“இருக்கிறாள். கடைசி வருடம்.”

பாட்டி பேனாவை எடுத்து ஐந்தாம் எண்ணின் வரிக்குப் பக்கத்தில், தாளின் ஓரத்தில், 12 என்று எழுதினார். இருபத்தொன்றிலிருந்து ஒன்பது போன கணக்கு. பிறகு டீ போடட்டுமா என்று கேட்டார்.