தலை திரும்பாத குழந்தையும் மூலிகைச் சூடும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

பெண்கள் மதரஸாவில் பாடம் முடிந்தபின் நம்மிடம் வரும் கேள்விகளில் பாதி, வீட்டைப் பற்றியவையே. சென்ற ஆண்டு, எட்டாம் மாதக் கர்ப்பிணியான ஒரு சகோதரி கேட்டதும் அத்தகையது. ஸ்கேனில் குழந்தையின் தலை மேலேயும் பிட்டம் கீழேயுமாக இருந்தது. கால் சுண்டுவிரலில் சீன மூலிகைச் சூடு காட்டினால் குழந்தை திரும்பும் என்றார், அக்குபங்சர் பயின்ற உறவினர். சூடிடுவதை நபியவர்கள் தடுத்துள்ளார்கள், எனவே அது ஹராம் என்றார் மாமியார். "நான் யார் பேச்சைக் கேட்பது, ஆலிமா?" என்று கலங்கி நின்றார் அச்சகோதரி.

இம்முறைக்கு மாக்ஸிபஷன் என்று பெயர். நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலையை உலர்த்தி, இடித்துப் பஞ்சாக்கி, சுருட்டுப்போல் உருட்டிக் கொளுத்துவர். கனலும் முனையைச் சுண்டுவிரல் நகத்தின் வெளிமூலைக்கு அருகே, தோலில் படாமல் பிடிப்பர்.

மாமியார் சொன்ன ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருப்பதே. தேன், ஹிஜாமா, சூடு ஆகிய மூன்றிலும் நிவாரணம் உண்டெனக் கூறிய நபி (ஸல்) அவர்கள், சூடிடுவதைத் தம் உம்மத்திற்குத் தடுத்தார்கள். ஆயினும், ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் காயத்திற்கு நபியவர்களே சூடிட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. இரண்டையும் இணைத்து நோக்கிய அறிஞர் பலர், தேவையின்றிச் சூடிடுவது வெறுக்கத்தக்கது, தேவைக்கு ஆகும் என விளக்கினர். மேலும், அங்கே பேசப்படுவது காய்ச்சிய இரும்பால் உடலைச் சுடுவது. தோலைத் தொடாத இளஞ்சூடு, நம் வீட்டு ஒத்தடத்திற்கே நெருக்கமானது. மருந்து சீனத்திலிருந்து வந்ததென்பதும் தடையாகாது. நலமளிப்பவன் அல்லாஹ்வே, சூடு ஒரு காரணி மட்டுமே என்ற அகீதா உறுதியாக இருந்தால் போதும்.

ஆகுமா என்பது ஒரு கேள்வி. பயன் தருமா என்பது வேறு கேள்வி. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஆய்வொன்று, சீனாவில் முதற்கர்ப்பம் தரித்த 260 பெண்களிடம் 33ஆவது வாரத்தில் நடத்தப்பட்டது. 35ஆவது வாரத்தில், சூடு காட்டப்பட்ட 130 பேரில் 98 பேருக்குக் குழந்தை தலைகீழ் நிலைக்குத் திரும்பியிருந்தது. சூடு காட்டப்படாத 130 பேரிலும் 62 பேருக்குத் திரும்பியிருந்தது. எனவே, திரும்பிய குழந்தைகள் எல்லாம் சூட்டினால்தான் திரும்பின எனச் சொல்ல இயலாது. பின்னர் இத்தாலியில் நடந்த ஆய்வில் இத்தகைய பலன் தென்படவில்லை. பயிற்சி பெற்றவரின் வழிகாட்டலில் 33 முதல் 35 வாரங்களுக்குள் இதை முயன்று பார்க்கலாம் என்பதே பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் நிலைப்பாடு.

ஆகவே நாம் சொன்னது இதுதான்: "முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ, இரத்தக்கசிவு இருந்தாலோ, வயிற்றில் இரட்டையர் இருந்தாலோ நீங்களாக எதையும் செய்யாதீர்கள். சூட்டை நம்பி ஸ்கேனையும் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்." மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் இருந்தபோதும், பேரீச்ச மரத்தை உலுக்குமாறு அல்லாஹ் ஏவினான். பழத்தை அவன் நேரே தந்திருக்கலாம், முயற்சியையும் கேட்டான். தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பதன்று.

மருத்துவரின் ஒப்புதலோடு அச்சகோதரி ஒரு வாரம் சூடு காட்டினார். குழந்தை திரும்பவில்லை. வயிற்றின் மேலிருந்து கையால் திருப்ப மருத்துவர் முயன்றதும் பலிக்கவில்லை. அறுவைச் சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

பார்க்கச் சென்ற நம்மிடம் அவர் மெல்லக் கேட்டார்: "நான் கேட்ட துஆவில் குறையா?" சுகப்பிரசவம் ஆகவில்லையே என்று உறவினர் சிலர் பேசியது அவர் மனத்தைச் சுட்டிருந்தது. "நீங்கள் கேட்டது நலமான குழந்தையை; அது உங்கள் மடியில் இருக்கிறது. வந்த வழியை அவன் தேர்ந்தான்" என்றோம்.

பிள்ளை பெற்ற பெண்ணைப் பார்க்கச் செல்வோர், எப்படிப் பிறந்தது என்று துருவிக் கேளாமல், பரக்கத்திற்காக துஆச் செய்து திரும்புவோமாக. கருவுற்றிருக்கும் நம் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் இலகுவை நல்குவானாக. ஆமீன்.