பாலித் தீவின் அன்னக்கூடங்கள்

இந்தோனேசியத் தீவுகளுள் இந்து சமயமே பெரும்பான்மை மக்களின் வாழ்நெறியாக விளங்குவது பாலித் தீவு. அகுங் மலைச் சாரலில் எழுந்துள்ள பெசாகி ஆலயத்தையும், ஊற்றுநீர் பெருகும் தீர்த்த எம்புல் ஆலயத்தையும் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், தரிசனம் முடித்துப் பசியாற அமரும் உணவகங்களையும் சற்று ஊன்றிக் கவனித்தல் நலம். புல் வேய்ந்த உயர்ந்த கூரை, சுவரில்லாத மண்டபம், மரத்தூண்கள், கல் பாவிய தளம், ஓரத்தில் ஒரு சிறு சந்நிதி. இவ்வமைப்பில் மனம் பறிகொடுத்தோர் உலகின் பல நகரங்களில் ‘பாலி பாணி’ உணவகங்களை எழுப்பி வருகின்றனர். ஆயினும், கண்ணுக்கு இனிய அந்த அமைப்பு ஒரு சமய நெறியிலிருந்து பிறந்தது. அந்நெறியை அறிந்தாலன்றி, அதில் எதை எடுத்தாளலாம், எதைத் தொடாது விடவேண்டும் என்பது விளங்காது.

மலை தலை, கடல் பாதம்

பாலி மக்கள் திசைகளை மலையைக் கொண்டே கணிக்கின்றனர். மலை நோக்கிய திசை ‘கஜா’. கடல் நோக்கிய திசை ‘கெலோட்’. மலைப்புறமும், கதிரவன் உதிக்கும் கீழ்த்திசையும் தூயவை. தீவின் தென்பகுதியில் மலை வடக்கே அமைவதால், வீட்டுச் சந்நிதி வடகிழக்கு மூலையில் இடம்பெறுகிறது. நாம் ஈசானிய மூலை எனப் போற்றும் அதே மூலைதான் அது.

திசைதோறும் ஒரு தெய்வமும் ஒரு நிறமும் உண்டு. கிழக்கில் வெண்ணிற ஈசுவரன். தெற்கில் செந்நிறப் பிரமன். மேற்கில் பொன்னிற மகாதேவன். வடக்கில் கருநிற விஷ்ணு. நடுவில் எல்லா நிறமும் கொண்ட சிவபெருமான். பிரமன் நெருப்பின் தெய்வம் ஆதலால் அடுக்களை தென்புறம் அமைகிறது. நம் மனையடி நூலார் அக்கினி மூலையாகிய தென்கிழக்கை அடுக்களைக்கு வகுத்தனர். இடம் சற்று மாறினும், நெருப்புக்குரிய திசையில் அடுப்பை வைக்கும் கருத்து ஒன்றே.

இவ்வாறு கட்டட நெறி வகுக்கும் ஓலைச்சுவடிகளுக்கு ‘அஸ்த கோசல கோசலி’ என்று பெயர். அவற்றைக் கற்றுத் தேர்ந்த தச்சராசிரியரை ‘உண்டகி’ என்பர். வீட்டுத் தலைவரின் விரித்த கை, முழம், பாதம் ஆகியவற்றை அளந்து, அவ்வளவுகளைக் கொண்டே அவர் தூணுக்கும் மதிலுக்கும் அளவு வகுப்பார். வீடு அதில் வாழ்வோரின் உடலுக்குப் பொருந்தவேண்டும் என்பது கருத்து.

மரபு தவறாது கட்டிய உணவகத்திலும் இவ்வொழுங்கைக் காணலாம். வாயிலைக் கடந்ததும் எதிரே ஒரு குறுஞ்சுவர் வழி மறிக்கும். ‘அலிங் அலிங்’ எனப்படும் அது, நேர்கோட்டில் வரும் தீய சக்திகளைத் தடுப்பது என்பது நம்பிக்கை. தெருவின் பார்வையும் இரைச்சலும் உண்போரை எட்டாமல் காப்பதும் அதுவே. சுவரைச் சுற்றி உள்ளே சென்றால் திறந்த முற்றம்; அதைச் சூழ ‘பலே’ எனும் தனித்தனி மண்டபங்கள். மேடைபோல் உயர்ந்த தளத்தில் பாய் விரித்து, தாழ்ந்த மேசை முன் சம்மணமிட்டு உண்ணலாம். சூடான காற்று உயர்ந்த கூரைக்குள் ஏறிவிட, பக்கங்களில் தென்றல் தங்குதடையின்றி உலவும்.

மரத்தை நட்டபடியே நிறுத்துதல்

கட்டுமானப் பொருள்களிலும் தராதரம் உண்டு. சந்தனமும் சண்பகமும் தெய்வச் சந்நிதிகளுக்கு உரியவை. மாந்தர் வாழும் மண்டபத்துக்குப் பலாமரம் சிறந்தது. தூணை நிறுத்தும்போது, மரம் வளர்ந்த காலத்தில் வேர்ப்பக்கம் இருந்த முனையே கீழே வரவேண்டும். தலைகீழாக நட்ட தூண் குடும்பத்துக்கு ஆகாது என்பர். வெட்டிய மரமும் அறுத்த மூங்கிலும் உயிர் இழந்தவை; அவற்றை எழுப்பிய பாவம் தீரவும், கட்டடம் உயிர் பெறவும் ‘மெலஸ்பஸ்’ எனும் சடங்கு நடைபெறும். நம் புதுமனை புகுவிழாவுக்கு நிகரான அச்சடங்கு முடியாமல் கட்டடத்தைப் பயன்படுத்துவதில்லை.

கூரைக்குரிய ‘அலாங் அலாங்’ புல், நம் ஊரில் தர்ப்பை என வழங்கும் புற்களின் இனமே. அதை மூங்கில் வரிச்சில் கோத்துத் தட்டியாக்கி, இறவாணத்திலிருந்து முகடு நோக்கி நெருக்கமாக அடுக்குவர். நன்கு வேய்ந்த கூரை பத்தாண்டுகளுக்கு மேல் நிற்கும். மூங்கிலிலுள்ள மாவுச்சத்தே வண்டு துளைப்பதற்குக் காரணம் ஆதலால், முன்னோர் அதை நெடுநாள் நீரில் ஊறவைத்தனர். இன்று வெண்காரக் கரைசலில் ஊறவைத்து உலர்த்துகின்றனர். சுவருக்குச் செங்கல்லும், ‘பாரஸ்’ எனும் மெல்லிய எரிமலைக் கல்லும் உதவுகின்றன. செங்கற்களை நீர் விட்டு ஒன்றோடொன்று தேய்த்து, இடைவெளி தெரியாமல் பொருத்துவது பழைய வேலைத்திறம்.

பனை இனத்து மரமொன்றின் கருநாரால் வேய்ந்த கூரை ஆலயத்துக்கே உரியது. ‘மேரு’ எனப்படும் அடுக்குக் கோபுரங்களின் கறுத்த கூரைகள் இந்த ‘இஜுக்’ நாரால் ஆனவை. மாந்தர் உண்டு உறங்கும் இடத்துக்குப் புற்கூரை. தெய்வத்துக்குக் கருநார்க் கூரை. இந்த வேற்றுமையை எளிய உழவரும் அறிவர்.

உயரத்துக்கும் வரம்பு உண்டு. சனூர் கடற்கரையில் 1966-இல் பத்து மாடி விடுதி ஒன்று எழுந்த பின்னர், தென்னை உயரமான 15 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பலாகாது என்ற விதி தீவில் வந்தது.

முதல் பிடி யாருக்கு?

இத்தனை ஒழுங்குக்கும் பொருள் தருவது அன்னம் படைக்கும் முறை. காலையில் சமையல் முடிந்ததும், சிறு வாழையிலைத் துண்டுகளில் ஒரு சிட்டிகைச் சோறும் சிறிது கறியும் உப்பும் இட்டு அடுப்பிலும், நீர்நிலையிலும், சந்நிதியிலும், வாயில் தரையிலும் வைப்பர். ‘சைபான்’ எனும் இப்படையல் முடிந்த பின்னரே பிறர் உண்பது வழக்கம். காக்கைக்கு ஒரு பிடி வைத்த பின் உண்ணும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

உணவகத்தில் பணியாற்றும் பெண்கள் நாள்தோறும் ‘சனாங் சாரி’யும் வைக்கின்றனர். இளந்தென்னங்குருத்தில் முடைந்த சிறு தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதன்மேல் திசைக்கேற்ற நிறத்தில் மலர்கள், ஊதுவத்தி. அந்த மூன்று பொருள்களும் மும்மூர்த்திகளைக் குறிப்பன என்பர். சுவரில் பொருத்திய சிறு பலகைச் சந்நிதியாகிய ‘பெலங்கிரான்’ கடைகளிலும் அடுக்களைகளிலும் தவறாது காணப்படும்.

எடுக்கத் தக்கதும் விடத் தக்கதும்

வேற்றூரில் பாலி முறையில் உணவகம் அமைப்போர் கூரையையும் கல்லையும் பெயர்த்துச் செல்கின்றனர். அதில் குறையில்லை. காற்றோட்டம், முற்றம், உள்ளூரில் விளைந்த மரமும் மூங்கிலும், தரையில் அமர்ந்து உண்ணும் அமைதி ஆகியவை எவ்வூருக்கும் பொருந்தும். அத்தோடு தெய்வத் திருவுருவங்களைக் கை கழுவும் இடத்தருகே நிறுத்துவதும், மரத்துக்கும் காவல் தெய்வத்துக்கும் சாத்தும் ‘போலேங்’ எனும் கறுப்பு வெள்ளைக் கட்டத் துணியை மேசை விரிப்பாக்குவதும் தகாது. அத்துணி நன்மையும் தீமையும் இணைந்தியங்கும் உலகச் சமநிலையின் சின்னம். பூசை இல்லாத இடத்தில் சந்நிதியை அலங்காரமாக வைப்பதைவிட, வைக்காதிருத்தலே மரியாதை.

தீவுக்குள்ளேயும் ஒரு கவலை உண்டு. வயல் பார்த்து உண்ணவேண்டும் என்று வரும் விருந்தினருக்காக, வயலிலேயே உணவகங்களும் விடுதிகளும் எழுகின்றன. ‘சுபாக்’ எனும் நீர்ப்பாசனக் கூட்டமைப்பு, ஆலயத்தை நடுவாகக் கொண்டு மேல்வயல், கீழ்வயல் எனப் பாராமல் நீரைப் பகிர்ந்தளித்து வருவது. இறைவன், மாந்தர், இயற்கை ஆகிய மூவகை உறவின் இசைவை ‘திரி ஹித கரண’ என்பர். அதன் வடிவமாகச் சுபாக் வயல்களை 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. நெல்லின் தாயான ஸ்ரீதேவி உறையும் நிலத்தைக் கல்லால் மூடிவிட்டு, அங்கே புற்கூரை வேய்வதால் மரபு பிழைக்குமா? பாலியின் முதியோர் கேட்கும் இக்கேள்வி, ஏரிக்கரையில் மனை பிரிக்கும் நமக்கும் உரியது.

செல்லும் அன்பர்களுக்குச் சில சொற்கள்: உணவில் இறால் விழுது பல பண்டங்களில் கலந்திருக்கும், சைவ உணவினர் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுக்கொள்ளவேண்டும். வாயிலில் வைத்த படையலை மிதிக்காமல் விலகி நடக்கவேண்டும். இலையில் சோறு வந்ததும், அடுக்களைப் பக்கம் திரும்பி ஒருகணம் கைகூப்பினால், அங்கே பரிமாறுவோர் முகம் மலரும்.