சாதுவான நாய்

செவலை என் வீட்டுக்கு வந்த அன்று கட்டிலுக்கு அடியில் போனவள்தான், பத்து நாளாகத் தானாக வெளியே வரவில்லை. இரவு நான் விளக்கை அணைத்துப் படுத்த பிறகு தண்ணீர் நக்கும் சத்தம் கேட்கும். காலையில் தயிர்சாதத் தட்டு காலியாக இருக்கும், ஹால் மூலையில் மூத்திரம் இருக்கும். வீட்டில் ஒரு நாய் இருக்கிறது என்பதற்கு அவ்வளவுதான் அடையாளம்.

கட்டடம் கட்டும் இடத்தில் காவலுக்கென்று குட்டைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள், அவளை அவிழ்த்துவிட யாருக்கும் தோன்றவில்லை. மீட்ட பெண், "ரெண்டு வாரம் மட்டும் வச்சுக்கோங்கக்கா, அதுக்குள்ள யாராவது தத்தெடுத்துருவாங்க" என்றாள். இதற்கு 'ஃபாஸ்டர்' என்று பெயர். எல்லோரிடமும் ரெண்டு வாரம் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

செம்மண் நிற நாட்டு நாய், இரண்டு வயதிருக்கும். கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்த புண். துடைப்பத்தைக் கண்டால் நடுங்குவாள், ஹெல்மெட்டைக் கண்டாலும் அப்படித்தான். வெளியே கிளம்ப நான் செருப்பைக் கையில் எடுத்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

நாலாம் நாள் புண்ணைக் காட்டுவதற்காக அவளைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து, தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். மேசையில் வைத்தபோது ஒரு சத்தமில்லை. ஊசி குத்தியபோதும் அசையவில்லை. "ரொம்ப சாது டாக்டர், எது பண்ணாலும் பேசாம இருக்கா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "சாது இல்லைங்க. பயத்துல விறைச்சுப் போயிருக்கு. கால் நடுவுல வாலைப் பாருங்க. மேசையப் பாருங்க." மேசை நனைந்திருந்தது.

சாது என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பெரியம்மா சொன்ன முதல் வார்த்தையே அதுதான். "எங்க பிள்ளை சாது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா." என் உள்ளங்கை வியர்த்து டம்ளர் வழுக்கியதை யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கல்யாணம் நான்கு வருடம் ஓடியது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

நாயின் உடம்பைப் படிக்க அதன் பிறகு உட்கார்ந்தேன். நார்வேக்காரரான தூரிட் ரூகோஸ் என்ற பெண் பயிற்சியாளர் இதைப் பற்றி ஒரு சிறு புத்தகமே எழுதியிருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொள்வது, பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, எல்லாமே நாயின் பேச்சு. செவலை நான்கு நாட்களாக என்னிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்குத்தான் கேட்கவில்லை.

இழுப்பதை நிறுத்தினேன். செய்ததெல்லாம் ஒன்றுதான்: சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து ஏதாவது வாசிப்பேன். அவித்த முட்டையைப் பிய்த்துத் தோளுக்குப் பின்னால் போடுவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். முதலில் நான் எழுந்து போன பிறகு தின்றாள். அப்புறம் நான் இருக்கும்போதே. மூன்றாவது வாரம் என் முழங்கைக்குப் பக்கத்தில் ஈர மூக்கு ஒன்று பட்டது. தொட வேண்டும் என்று கை பரபரத்தது. தொடவில்லை. பிரியத்தைக் காட்டாமல் இருப்பது இவ்வளவு கடினம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

ஹார்னஸ் மாட்டிக்கொள்ள ஒரு மாதம், மாடிப்படி இறங்க இன்னும் பத்து நாள். இரவு பத்தரைக்கு மேல், வண்டிச் சத்தம் அடங்கியதும் தெருவில் இறங்குவோம். அந்த நேரத்தில் தனியாக நடந்து எனக்கும் பழக்கமில்லை. பைக் ஏதாவது வேகம் குறைத்தால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நின்றுவிடுவோம்.

அம்மாவும் சித்தப்பாவும் திருநெல்வேலியிலிருந்து வந்தபோது செவலை ஹாலில் படுக்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். சித்தப்பா நேராகப் போய்த் தலையைத் தடவக் குனிந்தார். அவள் முகத்தைத் திருப்பினாள், உதட்டை நக்கினாள். அவர் கை இன்னும் கீழே போனது. அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது. இரண்டு மாதத்தில் அவள் எழுப்பிய முதல் சத்தம்.

"ஏட்டி, அதட்டி வையி. வாறவங்க கிட்ட இப்படியா பழக்குவ?" என்றாள் அம்மா.

உறுமலை அதட்டி அடக்கினால் நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. பிறகு ஒருநாள் எச்சரிக்காமல் கடிக்கும். இதை அம்மாவுக்கு விளக்கியிருக்கலாம். ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது வேறு. சின்ன வயதில் இதே சித்தப்பா என் கன்னத்தைக் கிள்ளுவார். வலிக்கிறது என்று நான் பின்னால் போனால் அம்மா என்னை முன்னால் தள்ளுவாள். "செல்லமாத்தான கிள்ளுதாவ."

"அவளுக்குப் பிடிக்கல சித்தப்பா. தொடாதீங்க" என்றேன்.

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கையை எடுத்துக்கொண்டார். அம்மா அன்று முழுவதும் என்னோடு சரியாகப் பேசவில்லை. செவலை எழுந்து போய்க் கட்டிலுக்கடியில் ஒளியவில்லை. அதே இடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

ரெண்டு வாரம் ஐந்து மாதமானது. தத்தெடுக்க மூன்று குடும்பங்கள் வந்தன. முதல் இரண்டுக்கும் உறுமும் நாய் வேண்டாம், சாதுவான நாய்தான் வேண்டும். மூன்றாவதாக ஒரு பள்ளிக்கூட டீச்சர் தன் மகளோடு வந்தார். அவர் கையை நீட்ட, செவலை உறுமினாள். அவர் உடனே கையைப் பின்னுக்கு இழுத்து, "சரி, சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து என்னிடம் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நான் உள்ளே போய் முட்டை அவிக்க அடுப்பைப் பற்றவைத்தேன்.