பழைய காசும் புதிய காசும்: 1971ஆம் ஆண்டு இலண்டன் நினைவுகள்

“எங்கள் காலத்திலே” என்று பெரியோர் பேச்சைத் தொடங்கினால், இளையோர் மெல்ல எழுந்து செல்லத் தொடங்குவது உலக வழக்கு. அப்பேச்சு விலைவாசியிலேதான் சென்று முடியும் என்பதை அவர்கள் நன்கறிவர். ஆயினும், எமது பள்ளியின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென ஆசிரியர்கள் கேட்டபொழுது, விலைவாசியைப் பற்றியே எழுதலாம் என நாம் துணிந்தோம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் நாம் கண்ட ஆண்டுகளுள், நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைபோல் அமர்ந்து காசு எண்ணக் கற்ற ஆண்டு ஒன்று உண்டு. அது 1971.

மாணவச் செல்வங்களே, இன்று நூறு பென்ஸ் சேர்ந்தது ஒரு பவுண். அன்று அவ்வாறன்று. பன்னிரண்டு பென்ஸ் ஒரு சிலிங். இருபது சிலிங் ஒரு பவுண். ஆகவே ஒரு பவுணுக்கு 240 பென்ஸ். இவற்றுக்கு இடையே மூன்று பென்ஸ் நாணயம், ஆறு பென்ஸ் நாணயம், இரண்டு சிலிங் நாணயம், இரண்டு சிலிங் ஆறு பென்ஸ் மதிப்புள்ள அரைக்கிரௌண், பத்துச் சிலிங் தாள் எனப் பலவும் வழங்கின. 1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய எமக்கு, கடைக்காரர் தந்த மிச்சக் காசை எண்ணிச் சரிபார்ப்பதே ஒரு பரீட்சையாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலங்கையில் ஒரு ரூபா நூறு சதம் என்னும் முறை 1872ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இந்தியாவும் 1957இல் அணாவைக் கைவிட்டு நூறு பைசா முறைக்கு மாறிற்று. எம்மை ஆண்ட பிரித்தானியரோ, தாம் ஆண்ட தீவுக்கு எளிய கணக்கை வழங்கிவிட்டு, தமது வீட்டில் கடினமான கணக்கையே மேலும் 99 ஆண்டுகள் வைத்திருந்தனர்! பத்துப் பத்தாக எண்ணிப் பழகிய நாம், பன்னிரண்டாலும் இருபதாலும் வகுக்கக் கற்க வேண்டியதாயிற்று.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் எமது துணைவியார். அவருடைய பேரனார் பழைய திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதியவர். கீழ்வாய் இலக்கம் எனப்படும் தமிழ்ப் பின்னங்களைச் சிறு வயதிலேயே பேர்த்திக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒன்றில் இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. எட்டில் ஒரு பங்கு அரைக்கால். ஒருநாள் மாலை சமையலறை மேசையில் நாணயங்களைப் பரப்பி வைத்திருந்த துணைவியார், திடீரெனச் சிரித்தார். பவுணை ஒன்று என்று கொண்டால் சிலிங் ஒரு மா. ஆறு பென்ஸ் அரைமா. மூன்று பென்ஸ் ஒரு காணி. இரண்டு சிலிங் இருமா. அரைக்கிரௌண் சரியாக அரைக்கால். பத்துச் சிலிங் அரை. மேசையில் கிடந்த நாணயங்களுள் ஒரு பென்னியைத் தவிர ஏனைய யாவற்றுக்கும் எம் முன்னோர் பெயர் வைத்திருந்தனர். இலண்டன் நாணயத்துக்கும் தமிழ்ச் சுவடிக்கும் உறவு உண்டென்று நாம் கூறவில்லை. இருபதையும் எட்டையும் கொண்டு வகுக்கும் இரு கணக்குகள் ஒன்றையொன்று சந்தித்தன, அவ்வளவே. ஆயினும் அன்றுமுதல் எம் இல்லாள் கடைக்கு அஞ்சாமல் சென்று வந்தார்.

அவ்வாறு பழகி முடிவதற்குள் காசு மாறத் தொடங்கிற்று. இம்மாற்றம் திடீரென வந்ததன்று. 1966 மார்ச் மாதத்தில் நிதி அமைச்சராயிருந்த ஜேம்ஸ் கலகன் அதனை அறிவித்தார். பிஸ்க் பிரபுவின் தலைமையில் ஒரு சபை அமைக்கப்பட்டது. 1968இல் ஐந்து பென்ஸ், பத்துப் பென்ஸ் நாணயங்களும் 1969இல் ஐம்பது பென்ஸ் நாணயமும் முன்கூட்டியே புழக்கத்துக்கு விடப்பட்டன. புதிய ஐந்து பென்ஸ் பழைய சிலிங்கின் அளவிலும் எடையிலுமே இருந்தது. பழைய அரைப் பென்னியும் அரைக்கிரௌணும் 1969இலும், பத்துச் சிலிங் தாள் 1970 நவம்பரிலும் ஒவ்வொன்றாக விடைபெற்றன. வீடுதோறும் விளக்க நூல் வந்தது. பிபிசி தொலைக்காட்சி ஐந்து நிமிடப் பாடங்களை ஒளிபரப்பிற்று. மக்ஸ் பைகிரேவ்ஸ் என்னும் பாடகர் இதற்கென ஒரு பாட்டே பாடினார். ஒரு நாடு தன் மக்களை ஒரு மாற்றத்துக்கு எத்துணைப் பொறுமையுடன் ஆயத்தம் செய்யலாம் என்பதை நாம் அப்பொழுது கண்டோம்.

1971 பெப்ரவரி 15, திங்கட்கிழமை. வங்கிகள் அதற்கு முந்திய புதன் பிற்பகல் மூடப்பட்டு அன்று காலையில்தான் மீண்டும் திறந்தன. பழைய சிலிங் ஐந்து பென்ஸ் ஆயிற்று. ஆறு பென்ஸ் இரண்டரைப் பென்ஸ் ஆயிற்று. பழைய பென்னிக்கும் புதிய பென்னிக்கும் சரியான ஈடு இல்லாமையால், இரண்டரைப் பழைய பென்ஸ் ஏறத்தாழ ஒரு புதிய பென்னி என்று எல்லோரும் மனத்தில் வைத்துக்கொண்டனர். புதிய பென்னியை எம் வீட்டில் எவரும் பென்னி என்று அழைக்கவில்லை. நூற்றில் ஒன்றுக்கு எமக்குத் தெரிந்த பெயர் சதம். ஆகவே அது சதம் ஆயிற்று. இன்றுவரை எமது வீட்டில் அது சதமே.

விலைகளோ அம்மாற்றத்தின் நிழலில் மெல்ல ஏறின. அஞ்சற் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் வகுப்புக் கடிதத்துக்குப் பழைய காசில் ஐந்து பென்ஸ் கொடுத்து வந்தோம். அன்றுமுதல் புதிய காசில் மூன்று பென்ஸ். ஐந்து மூன்றாகக் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களும் உளர். கணக்கிட்டுப் பார்த்தால், மூன்று புதிய பென்ஸ் என்பது பழைய ஏழு பென்சுக்கும் சற்று மேல்! தெருமுனைக் கடை ஒன்றிலிருந்து திரும்பிய எமது துணைவியார், “இஞ்சாருங்கோ, சாமானும் அதுதான், கடையும் அதுதான், விலை மட்டும் ஒரு இரவில வளர்ந்திட்டுது” என்றார்.

எமது அயல்வீட்டில் முதிய ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் தனியே வாழ்ந்தார். மூன்று ஆண்டுகளாக எமக்குத் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டவர். அவ்வாரத்தில் அவர் எமது கதவைத் தட்டி, தமது பணப்பையை மேசையில் கவிழ்த்து, எண்ணித் தரும்படி கேட்டார். நூறாக எண்ணுவது எம் இல்லாளுக்குப் பிறந்த ஊர்க் கணக்கு. பின்னர் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வருவார், தேநீர் அருந்துவார், கணக்கும் நடக்கும். இந்நாட்டிற்கு வந்து கற்றுக்கொள்பவராக மட்டுமே இருந்த எம் குடும்பம், முதன்முறையாக ஒன்றைக் கற்றுக்கொடுக்கும் குடும்பமாயிற்று.

அக்காலத்து எண்களைக் கேட்டு இளையோர் வியக்கக்கூடும். பிரித்தானியாவில் ஒரு வீட்டின் சராசரி விலை அன்று ஏறத்தாழ 5,600 பவுண். ஆனால், உடல் உழைப்பாளி ஒருவரின் வாரக் கூலி முப்பது பவுண் அளவிலேதான் இருந்தது. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கான ஆண்டு உரிமக் கட்டணம் ஆறு பவுணிலிருந்து ஜூலையில் ஏழு பவுணாயிற்று. அதுவும் எமக்குச் சிறு தொகையன்று. விலையை மட்டும் பார்த்து ஒரு காலத்தைப் பொற்காலம் என்பது பிழை. கூலியையும் அருகில் வைத்துப் பார்த்தலே முறை.

அவ்வாண்டின் தொடக்கத்தில் எம்மை வாட்டியது விலைவாசியன்று, அஞ்சல் வேலைநிறுத்தம். 1971 ஜனவரி 20ஆம் நாள் தொடங்கி 47 நாள்கள் கடிதங்கள் ஓடவில்லை. இன்று ஊரிலுள்ள அம்மம்மாவின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்தபடி பேசும் உங்களுக்கு, அந்நாள்களின் அமைதியைச் சொல்லி விளக்குவது கடினம். நீலநிற வான்கடிதம் ஒன்றே எமக்கும் ஊருக்கும் இடையே பாலமாக இருந்தது. மார்ச் மாதம் பாலம் மீண்டும் திறந்தபோது, கடிதங்கள் ஒழுங்கின்றி வந்து சேர்ந்தன. எமது தாயார் நோய் நீங்கி எழுந்து நடமாடுகின்றார் என்னும் கடிதம் முதலில் வந்தது. அவர் படுத்த படுக்கையாய்க் கிடக்கின்றார் என்று தந்தையார் பெப்ரவரியில் எழுதிய கடிதம் இரண்டு நாள் கழித்து வந்தது. முடிவை அறிந்த பின்னரும், அந்த இரண்டாவது கடிதத்தைப் படிக்கையில் எம் கை நடுங்கிற்று.

மகிழ்ச்சிக்கும் குறைவில்லை. மூன்றே தொலைக்காட்சி வரிசைகள், வானொலியே பெருந்துணை. காசு மாறிய அந்த வாரத்தில் இந்நாட்டு இசைப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது ஜோர்ஜ் ஹரிசனின் பாடல். அதன் பிற்பகுதியில் குருவைப் போற்றும் வடமொழிச் சுலோகம் ஒலிக்கும். ஊர்க் கோயில்களில் கேட்ட அச்சொற்கள் ஆங்கில வானொலியிலிருந்து எழுந்தபோது, நாம் கரண்டியைக் கையிற் பிடித்தபடியே நின்றுவிட்டோம். மே மாதத்தில் ஆர்சனல் அணி ஒரே பருவத்தில் இரு பெருங் கிண்ணங்களை வென்றது. ஓகஸ்ட் 24ஆம் நாள், ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை வென்று, இந்திய அணி இந்நாட்டில் முதன்முறையாகத் தொடர் வெற்றி பெற்றது. சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு ஆறு இலக்குகளை வீழ்த்த, இங்கிலாந்து 101 ஓட்டங்களுக்குள் சுருண்டது. சென்னையைச் சேர்ந்த வெங்கட்டராகவனும் அவ்வணியில் இருந்தார். அன்று விநாயக சதுர்த்தி. மைதானத்துக்கு ஒரு யானையையும் அழைத்து வந்திருந்தனர்! மறுநாள் வேலைத்தலத்தில் எம்மை இந்தியர் என்றே எண்ணிப் பலர் கைகுலுக்கினர். நாம் மறுக்கவில்லை.

அதே ஆண்டில்தான், எமது மூத்த மகள் மூன்று வயதுக் குழந்தையாய் இருந்தபொழுது, வீடு வந்து பார்த்த தாதி ஒருவர் ஓர் அறிவுரை கூறினார். “குழந்தை பள்ளியில் பின்தங்கிவிடும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்பதே அது. அவர் நல்லெண்ணத்துடனேயே கூறினார். அக்காலத்தில் பல குடும்பங்களுக்கு இவ்வாறே கூறப்பட்டது. அன்று இரவு நெடுநேரம் பேசினோம். இறுதியில் எம் இல்லாள், “கடையில் எந்தக் காசும் செல்லட்டும், இந்த வீட்டுக்குள் தமிழ்க் காசு செல்லும்” என்றார். மகள் படிகளைத் தமிழில் எண்ணி ஏறினாள்; சதங்களைத் தமிழில் எண்ணி உண்டியலில் இட்டாள்; பள்ளியில் ஆங்கிலத்தில் எண்ணினாள். பின்தங்கவில்லை. அவளுக்குப் பின் பிறந்த மகன், அக்காவின் ஆங்கிலத்தைக் கேட்டு வளர்ந்தவன். இன்றும் நாம் தமிழில் கேட்பதை முற்றாக விளங்கிக்கொள்வான். விடையோ ஆங்கிலத்தில்தான் வரும். ஒரே வீடு, ஒரே பெற்றோர். பிள்ளைகள் இருவரும் இரு விதம். பெற்றோர் பலருக்கு இது புதுமையன்று.

காசு மாறுவதற்கு ஐந்து ஆண்டுகள் ஆயத்தம் செய்தார்கள். சபை இருந்தது, நூல் இருந்தது, நாள் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு வீட்டின் மொழி மாறும்போது எந்தச் சபையும் அறிவிப்பதில்லை. எந்தத் திங்கட்கிழமை அது நிகழ்ந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. ஒருநாள் “அம்மா, பசிக்குது” என்னும் குரல் கேளாது போனதை நெடுநாள் கழித்தே உணர்கிறோம்.

ஆயினும், அந்நாணயங்களின் வரலாற்றிலேயே நமக்கு நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. பழைய பென்னியும் மூன்று பென்சும் 1971 ஓகஸ்ட் இறுதியில் செல்லாக் காசாயின. பழைய சிலிங் அவ்வாறு மறையவில்லை. ஐந்து பென்சுடன் தோளோடு தோள் நின்று, 1990ஆம் ஆண்டின் இறுதிவரை அது புழங்கிற்று. இரண்டு சிலிங் நாணயம் 1993 வரை நிலைத்தது. காரணம் எளிது. புதிய நாணயம் எதை வாங்கிற்றோ, அதையே பழைய நாணயமும் வாங்கிற்று. எவரும் அதனை இரக்கப்பட்டுப் பேணவில்லை. பயன்பட்டதால் அது வாழ்ந்தது.

தமிழும் அவ்வாறே. விழா மேடையில் மட்டும் எடுத்துக் காட்டப்படும் மொழி, கண்ணாடிப் பெட்டியில் வைத்த அரைக்கிரௌண் போன்றது. கேட்கவும் கொடுக்கவும் சண்டையிடவும் சமாதானம் ஆகவும் வீட்டில் பயன்படும் மொழியோ கையில் புழங்கும் காசு. பெற்றோர்களே, பிள்ளை தமிழில் ஒன்று கேட்டால் அதனைத் தமிழுக்கே கொடுங்கள். அம்மொழி எதையும் வாங்க வல்லது என்று அப்பிள்ளை அறியட்டும்.

மாணவச் செல்வங்களே, இன்று அட்டையைக் காட்டினால் கடை வேலை முடிந்துவிடுகிறது. நாணயமே உங்கள் கைக்கு வருவது அரிது. ஆகவே வேறொன்று கேட்கிறோம். இன்று வீடு சென்றதும் ஒரு தோசையைச் சரிபாதியாகப் பிரித்து அரை என்று சொல்லுங்கள். அதனை மீண்டும் பிரித்தால் கால். மேலும் பிரித்தால் அரைக்கால். பின்னர், மா என்றால் எத்தனை பங்கு என்று அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால், இம்மலரை விரித்து நீங்களே அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.