மணி இல்லாத வண்டி

முப்பத்து நான்காவது வயதில் எனக்கென்று ஒரு சைக்கிள் வாங்கினேன். மலைப்பாதையில் ஓட்டுகிற கியர் சைக்கிள். முன்பக்கம் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், கல்லுக்கும் மேட்டுக்கும் அசையாத தடித்த டயர். சீட்டு எடுத்த பணம் முழுவதும் அதில் போனது. கடைக்காரர் "பையனுக்கா மேடம்?" என்று கேட்டார். "எனக்கு" என்று சொல்ல ஒரு நொடி தயங்கினேன். அந்தத் தயக்கம் இன்றும் உறுத்துகிறது.

அதற்கு முன்பு என்னுடையது என்று இருந்த ஒரே வண்டி, 2005-இல் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்த இலவச சைக்கிள். முன்னால் கூடை, பின்னால் கேரியர், கைப்பிடியில் மணி. கல்யாணமாகி நான் கிளம்பியதும் அது பால்கேன் சுமக்கப் போய்விட்டது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்று எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் சைக்கிள் ஓட்டியவர் சித்தி. அவர் வாக்கப்பட்டது புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். சித்தி பழகியதும் முதலில் செய்த காரியம், கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டியதுதான். "காத்து வாங்கவா ஓட்டுனோம்? வேலைக்கு ஓட்டுனோம். வர்ற வழியில காத்தும் கெடச்சுச்சு" என்பார்.

நான் ஓட்டியது காற்று வாங்கத்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. திண்டுக்கல்லில் நாங்கள் ஆறு பெண்கள், ஞாயிறுதோறும் விடியற்காலையில் கிளம்புவோம். ஒருத்தி செவிலியர், ஒருத்தி வங்கியில், நான் பள்ளியில். வாரத்தில் அந்த நான்கு மணி நேரம் மட்டும் எங்களை யாரும் எதற்கும் கூப்பிட முடியாது.

நாங்கள் போவது நான் பிறந்த அய்யலூர்ப் பக்கம். அங்கிருந்து கடவூர் மலைகள் தெரியும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்த முள்காட்டில் 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இது. சரணாலயத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதனால் மலையடிவாரத்து வண்டிப்பாதை, முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதை, சோளக்காட்டு வரப்பு இவைதான் எங்கள் தடம். எல்லைக்கு வெளியே ஓட்டுகிறோம், யாருக்கும் தொந்தரவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஐப்பசி ஞாயிறு. முதல் நாள் நல்ல மழை. இறக்கத்தில் வந்த வேகத்தில் ஒரு வரப்பின் மேல் ஏற்றினேன். ஈர மண் என் டயருக்குக் கீழே சரிந்து, வாய்க்கால் தண்ணீர் உடைத்துக்கொண்டு தக்காளி நாற்றுக்குள் பாய்ந்தது. கட்டியிருந்த இரண்டு ஆடுகள் மிரண்டு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடின.

"ஏ தாயி, நில்லு!"

மண்வெட்டியோடு ஒரு பெரியம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் வரப்பை அடைத்தார். பிறகு என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மணி எங்க?"

"இந்த வண்டிக்கு மணி வராது பெரியம்மா."

"இம்புட்டு வெலை குடுத்து வாங்குன வண்டிக்கு மணி இல்லியாக்கும்? வர்றது தெரிஞ்சாத்தான ஒதுங்க முடியும்? மனுசருக்கும் அதான், ஆட்டுக்கும் அதான்."

வண்டியைச் சாத்திவிட்டு ஆடுகளைப் பிடித்து வந்தேன். மண் அள்ளிப்போட்டேன். என் கை லாகவமில்லாமல் திணறுவதைப் பார்த்து அவருக்குக் கோபம் தணிந்தது. நிலம் இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறதாம். புருஷன் இறந்து பல வருஷம். "பட்டாவுல எம்பேரு கெடையாது. வரப்பு ஒடஞ்சா மட்டும் என்னையத் தேடுவாக" என்றார். விறகுக்கும் ஆட்டுக்குமாக மலையடிவாரத்துக்கு அவர் நடந்து நடந்து விழுந்த பாதையில்தான் நான் இத்தனை வாரமும் ஓட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் ஆட்டோடு அந்தப் பக்கம் போனால் எங்கே போகிறாய், எதுவரைக்கும் என்று கேள்வி வருகிறதாம். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட என்னை ஒருவரும் அப்படி நிறுத்திக் கேட்டதில்லை.

அன்று திரும்பும்போது மெதுவாக ஓட்டினேன். அப்போதுதான் எங்கள் தடமே கண்ணில் பட்டது. இறக்கத்தில் பின்பிரேக்கை இறுக்கிப் பிடித்து நாங்கள் இழுத்த கோடுகள் சின்ன ஓடைகளாகி மேல்மண்ணை அரித்திருந்தன. சேற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஒற்றையடிப் பாதையை மூன்றடிப் பாதையாக்கியிருந்தோம். முகத்தில் அடிக்கிறது என்று கிளுவை வேலியின் கிளைகளை ஒடித்துப் போட்டிருந்தோம்.

அந்த வேலி எங்களுக்கு இடைஞ்சல், தேவாங்குக்கு அதுதான் சாலை. இரண்டு கைக்குள் அடங்கிவிடும் உடம்பு, முகத்தை நிறைக்கும் கண்கள், குச்சி போன்ற கைகால்கள். பகலெல்லாம் புதருக்குள் சுருண்டு தூங்கும். இருட்டிய பின் கிளைவிட்டுக் கிளை பிடித்து மெல்ல நகர்ந்து பூச்சி தேடும். வயலைக் கெடுக்கும் பூச்சிகளையும் அது தின்பதால் விவசாயிக்கு வேண்டியப்பட்ட பிராணி. கிளைத்தொடர்பு அறுந்தால் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். தரையில் நாய் இருக்கிறது, வண்டி இருக்கிறது. மந்திர வேலைக்கும் மருந்துக்கும் என்று மனிதர்கள் பிடித்தது போக மிச்சம் இருப்பவற்றுக்கு, காற்று வாங்க வந்த நாங்கள் ஒரு இடைவெளியை வெட்டிக் கொடுத்திருந்தோம்.

அடுத்த வாரம்தான் சண்டை வந்தது. இரவு சவாரி போகலாம் என்பது எங்கள் குழுவின் நெடுநாள் ஆசை. தலைவிளக்கு கட்டிக்கொண்டு போனால் தேவாங்கையும் பார்த்துவிடலாம். முதலில் அந்த யோசனையைச் சொன்னதே நான்தான். இப்போது நானே வேண்டாம் என்றேன். இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெள்ளை வெளிச்சம் பாய்ந்தால் அது நிலைகுலைந்துவிடும், ஆராய்ச்சி செய்பவர்களே சிவப்பு விளக்குதான் பயன்படுத்துகிறார்கள் என்று விளக்கினேன்.

செவிலியர் தோழி கேட்டாள்: "ஆறு மணிக்கு மேல வெளியே போகாதேன்னு அப்பா சொன்னாரு, மாமியா சொன்னாங்க, ஹாஸ்டல் வார்டன் சொன்னாங்க. இப்ப நீயும் சொல்றியா? அவங்களாவது நமக்காகன்னு சொன்னாங்க. நீ ஒரு குரங்குக்காகச் சொல்ற."

என்னிடம் உடனே பதில் இல்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. இரவு நமக்கும் சொந்தம் என்று எத்தனையோ கூட்டங்களில் கைதட்டியவள் நான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். இரவை நம்மிடமிருந்து பறித்தவர்கள் ஊருக்குள் இருக்கிறார்கள். பேருந்து நிலையத்தில், தெருமுனையில், வீட்டு வாசலில் இருக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டியதைக் கேட்காமல், கேள்வி கேட்க வாயில்லாத ஒன்றின் இரவுக்குள் நுழைந்து அதை விடுதலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பால்கேன் சைக்கிளை எடுத்துக்கொண்டவர்களும் என்னைக் கேட்கவில்லைதானே.

இரவு சவாரியைத் திண்டுக்கல் நகரத்துக்குள் வைத்தோம். பத்து மணிக்கு மேல், மலைக்கோட்டையைச் சுற்றி. ஐந்து பேர் வந்தோம். அவள் வரவில்லை. இப்போதும் ஞாயிறுகளில் வருவதில்லை. போனில் பேசுகிறாள், சைக்கிளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

மழை பெய்த மறுநாள் மண்பாதைக்குப் போவதை நிறுத்தினோம். வரப்பு வந்தால் இறங்கித் தள்ளுகிறோம். கிளை தாழ்ந்தால் தலையைக் குனிகிறோம். நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு மணி வாங்கி மாட்டினேன். பெரியம்மாவின் நிலத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அடித்துவிடுவேன். பட்டா மாற்ற மனு எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாரிசுச் சான்றிதழுக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்.

போன மாதம் அவருடைய பேத்தி என் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேட்டாள். பதினொன்றாம் வகுப்பு. சீட்டைத் தாழ்த்திக் கொடுத்தேன். மிதித்ததும் பறந்தாள். களத்துமேட்டிலிருந்து பெரியம்மா கத்தினார்:

"வரப்புல ஏறாதடி! மணியை அடி!"

வளைவுக்கு அந்தப் பக்கம் அவள் மறைந்த பிறகும் மணிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.