திரீனா நதியின் கற்பாலம்

பொஸ்னியாவின் கிழக்கெல்லையில், மலைகளுக்கிடையே திரீனா நதியுடன் ருசாவ் ஆறு கலக்குமிடத்தில் விஷெகிராட் என்னும் சிறிய நகராட்சி அமைந்துள்ளது.

இவ்வட்டாரத்துச் சிற்றூரொன்றில் பிறந்து, உதுமானியப் பேரரசின் தலைமை அமைச்சராய் உயர்ந்தவர் சோகொல்லு முஹம்மத் பாஷா. அவர், கட்டடக்கலை மேதை ஸினானைக் கொண்டு எழுப்பிய பாலம் 1577இல் நிறைவுற்றது. பதினொரு வளைவுகள், ஏறத்தாழ 180 மீட்டர் நீளம். இரு உலகப் போர்களிலும் தகர்ந்த வளைவுகள் மீண்டும் கட்டப்பட்டன. 2007இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

ஆனால், 1992இல் இப்பாலத்தின்மீதே முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட்டு ஆற்றில் வீசப்பட்டனர். அதுவரை பெரும்பான்மையினராய் வாழ்ந்த அவர்கள், இன்று அங்கே சிறுபான்மையினர். கற்களை மீண்டும் அடுக்கிவிடலாம். பிரிந்த குடும்பங்களை அவ்வாறு சேர்த்துவிட முடியுமோ? அங்குச் செல்ல நேர்ந்தால், பாலத்தின் எழிலைக் கண்டு மகிழுங்கள். மறைந்தோருக்காக ஒரு துஆவும் செய்யுங்கள்.