பாவக் கணக்கு எழுதுகிறவர்கள்

1934 ஜனவரி 15 அன்று பிற்பகலில் பீகார் குலுங்கியது. முங்கேர் நகரம் தரைமட்டமானது. முசாபர்பூர்ப் பக்கம் நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். காந்தி அப்போது ஹரிஜன யாத்திரையாகத் தென்னிந்தியாவில் இருந்தார். சில நாள் கழித்துத் திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்னும் நம் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்றார்.

தாகூருக்குப் பொறுக்கவில்லை. காந்தியை மகாத்மா என்று வாயாரச் சொன்னவர்தான். ஆனாலும், பூகம்பத்துக்குக் காரணம் பூமிக்குள்தான் இருக்கிறது என்று மறுத்து எழுதினார். இதே வாதத்தை உங்கள் எதிராளிகள் உங்கள் மேலேயே திருப்பலாமே என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாரையும் கோயிலுக்குள் விடச் சொன்னதால்தான் பூமி அதிர்ந்தது என்று வைதிகர்கள் சொல்லியிருந்தால் யார் என்ன பதில் சொல்வது? காந்தி அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். தம் நம்பிக்கையை விடாமல் பதிலும் எழுதினார். அந்தப் பெருந்தன்மையை இன்று விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும்.

நான் தினமும் சாமி கும்பிடுகிறவன். தீண்டாமை பாவம் என்பதிலும் எனக்கு இம்மியளவு ஐயமில்லை. இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் தாகூர் கட்சி. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களையும் சேர்த்துத்தானே அந்தப் பூகம்பம் வாரிக்கொண்டு போனது?

2004இல் சுனாமி வந்த மறுவாரம் நாங்கள் சிலர் அரிசியும் பாயும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போனோம். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். சாலையோரம் முழுக்க எங்கெங்கிருந்தோ வந்து குவிந்த பழந்துணி, சீண்டுவாரின்றி மழையில் ஊறிக் கிடந்தது. அக்கரைப்பேட்டைப் பக்கம் புளியோதரைப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, எங்களோடு வந்த ஒருவர், நல்ல மனிதர், பக்திமான், பெருமூச்சு விட்டார். "ஊர்ல அக்கிரமம் மிஞ்சிப்போச்சு. பகவான் எத்தனை நாள்தான் பொறுப்பார்?"

யாரையும் குறிவைத்து அவர் சொல்லவில்லை. வரிசையில் நின்ற ஓர் அம்மா அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். "ஆமாய்யா, நான்தான் பாவி. புள்ள கையைப் புடிச்சிருந்தேன். விட்டுட்டேன்."

சொல்லிவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். எங்கள் ஆள் வாயடைத்துப் போனார்.

அன்று யார் போனார்கள் என்று பாருங்கள். ஆழ்கடலில் வலை போட்டிருந்தவர்களுக்கு அலை வந்ததே சரியாகத் தெரியவில்லை. ஆழத்தில் அது ஓரிரு அடி உயரம்தான் இருக்கும், கரையை நெருங்க நெருங்கத்தான் எழும்பும். மீனுக்காகக் கரையில் காத்திருந்த பெண்களும், ஞாயிற்றுக்கிழமையென்று விளையாட வந்த பிள்ளைகளும்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் மறுநாள் வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் எத்தனையோ பேர். மாதாவைக் கும்பிட வந்த இடத்தில் அவர்களுக்கு என்ன தண்டனை?

அவனுக்கு வந்தது அவன் பாவத்தால் என்று சொல்லிவிட்டால், எனக்கு வராது என்று நிம்மதியாகப் படுக்கலாம். அதனால்தான் இந்தப் பேச்சு ஓய்வதில்லை. கவனித்துப் பாருங்கள், பாவி எப்போதும் அடுத்த தெருக்காரன், வேறு மதக்காரன், தலைவிரித்துப் போட்டுக்கொண்டு போகும் அடுத்த வீட்டுப் பெண். நான் கந்துவட்டி வாங்கினேன், அதனால்தான் கடல் பொங்கியது என்று சொன்ன ஒருவரை இத்தனை வயதில் நான் பார்த்ததில்லை. காந்தி 'நம் பாவம்' என்று தம்மையும் சேர்த்துக்கொண்டாரே, அந்த மட்டுக்கும் அவர் மேல்.

சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் காலை ஆறரை. நாகைக்கு அலை வந்தபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அதில் அறிவித்தார்கள். ஊரே மேட்டுக்கு ஓடியது. வீடும் படகும் போயின, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள்.

இதை வெகுநாள் கழித்து அந்தப் பக்திமானிடம் சொன்னேன். "அதுவும் அவன் செயல்தான்" என்றார் தயங்காமல்.

"இருக்கட்டும். அக்கரைப்பேட்டைக்கு ஏன் போன் வரலைன்னு அந்த அம்மா கேட்டா என்ன சொல்வீங்க?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "இப்போ ஏதாவது ஏற்பாடு இருக்கா?" என்று கேட்டார். 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குவதையும், கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகள் போட்டிருப்பதையும் சொன்னேன். 2012 ஏப்ரலில் சுமத்ராவுக்கு அருகே மறுபடி அதிர்ந்தபோது அறிவிப்பு வந்து கரையோரம் காலியானதையும் சொன்னேன். பெரிய அலை வராதது அவருக்கு நினைவிருந்தது. அந்தக் கருவி பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்.